ரெண்டு பேர் பேர்லயும்

ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தின் கங்காதர நெல்லூர் மண்டலத்தில் எந்த ஊர்த் திண்ணையிலும் கணவனையும் மனைவியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த மனையை யார் பேர்ல எழுதினா உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ரெண்டு பேர் பேர்லயும் போட்டுடுங்க. கேள்வியைத் தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் பதில் மாறுவதில்லை. குடும்பச் சொத்துக் கணக்கெடுப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இது மிக வசதியான பதில். ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். அப்படிப் போய்விடுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய பிழை என்பது என் வாதம். பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி, எங்களுக்குள் பிரிவினை ஏதும் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் மரியாதையான பேச்சு அது. மனையைப் பற்றிய விருப்பம் அதற்கு அடியில் எங்கோ இருக்கிறது. அதை வெளியே எடுக்க வேண்டுமானால் எந்தச் சொத்து, எந்த உரிமை, எந்தக் காலத்தில் என்று பிரித்துக் கேட்க வேண்டும்; பதிலுக்கு ஒரு விலையும் வைக்க வேண்டும்; இருவரையும் தனித்தனியே கேட்கவும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கிடைப்பது உபசாரத்தின் அளவுதான்.

முதலில், 'சேர்ந்த சொத்து' என்று ஒரே பெயரில் நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல. வங்கியில் இருவர் பேரில் கணக்குத் தொடங்கினால் வழக்கமாக 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில்தான் தொடங்குவார்கள். அதன்படி எவர் வேண்டுமானாலும் மற்றவரைக் கேட்காமல் முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம். நிலத்தில் நிலைமை தலைகீழ். இருவர் பேரில் பத்திரம் இருந்தால் இருவர் கையெழுத்தும் இல்லாமல் சித்தூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் முழு நிலத்தின் விற்பனை நடக்காது. ஆக, கணக்கில் சேர்ந்திருப்பது இருவருக்கும் கொடுக்கும் சுதந்திரம். நிலத்தில் சேர்ந்திருப்பது இருவருக்கும் கொடுக்கும் தடுப்பு. ஒரு பெண் நிலத்துக்கு 'ரெண்டு பேர்' என்றும் பணத்துக்கு 'என் பேர்' என்றும் சொன்னால் முன்னுக்குப் பின் முரண் என்று கணக்கெடுப்பாளர் குறித்துக்கொள்கிறார். முரணே இல்லை. இரண்டிலும் அவள் கேட்பது ஒன்றைத்தான்: எனக்குத் தெரியாமல் போகக் கூடாது. நகைக்குப் பதிவேடு கிடையாது. கழுத்தில் கிடக்கும்வரை அவளுடையது, அடகுக் கடைக்குப் போகும்போதுதான் யாருடையது என்ற கேள்வியே வரும். கறவை மாடு பால் சென்டரில் யார் பேரில் ஊற்றப்படுகிறதோ அவர் பேரில் பணம் வரும். மாட்டை விற்பவர் வேறொருவராகவும் இருக்கலாம். இத்தனையையும் 'சொத்து' என்ற ஒரு சொல்லில் போட்டு ஒரே கேள்வியாகக் கேட்டால் எதற்குப் பதில் வந்தது என்பது பதில் சொன்னவருக்கே தெரியாது.

இரண்டாவது, சாவுக் கணக்கு. கணவன் மனைவி இருவர் பேரில் நிலம் இருந்தால், ஒருவர் போனதும் மற்றவருக்கு முழுவதும் வந்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அப்படி வராது. கணவன் உயில் எழுதாமல் இறக்கிறான். மனைவி, இரண்டு பிள்ளைகள், அவன் தாய் ஆகிய நால்வர் மிஞ்சுகிறார்கள் என்று வையுங்கள். சுயமாய்ச் சம்பாதித்த நிலம் அவன் பேரில் மட்டும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு. இருவர் பேரில் சரிபாதியாக இருந்தால், அவளுடைய பாதி அப்படியே நிற்க, அவன் பாதியில் கால் பங்கு சேர்ந்து எட்டில் ஐந்து பங்கு. அவள் பேரில் மட்டும் இருந்திருந்தால் பிரிக்கவே எதுவும் இல்லை. கால், எட்டில் ஐந்து, முழுதும்: இந்த மூன்றும் தெரிந்த பிறகு சொல்லும் விருப்பமும் தெரியாமல் சொல்லும் விருப்பமும் ஒன்றாக இருக்க நியாயமில்லை. எனவே கேள்விக்கு முன் இந்தக் கணக்கை விளக்க வேண்டுமா, விளக்கினால் பதிலை நாமே ஊட்டிவிட்டதாக ஆகாதா என்ற விவாதம் எங்கள் தொழிலில் ஓயாமல் நடக்கிறது. என் கட்சி: பாதிப் பேருக்கு விளக்கிக் கேட்பது, மீதிப் பேருக்கு விளக்காமல் கேட்பது, யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது. இரு பதில்களுக்கும் உள்ள இடைவெளியே ஒரு கண்டுபிடிப்பு. எவ்வளவு 'சேர்ந்த விருப்பம்' சட்டம் தெரியாததால் வந்தது என்பதை அது காட்டிவிடும்.

பெரிய கணக்கெடுப்புகள் இதையெல்லாம் கடந்து போய்விடுகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21-இல், இந்தியப் பெண்களில் 43.3 சதவீதம் பேருக்குத் தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ வீடு அல்லது நிலம் உண்டு என்றது. அதற்கு முந்தைய 2015-16 சுற்றில் இது 38.4. இந்த எண்ணை மட்டும் படிப்பவருக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று தோன்றும். ஆனால் பீனா அகர்வாலும் உடன் ஆய்வாளர்களும் இக்ரிசாட் நிறுவனம் 9 மாநிலங்களில் 2009 முதல் 2014 வரை திரட்டிய தரவை வைத்துப் பார்த்தபோது, நிலமுள்ள கிராமக் குடும்பங்களின் நில உடைமையாளர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான், அவர்களிடம் இருந்த நிலம் 11 சதவீதம்தான். நமக்குப் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த ஹேமா சுவாமிநாதனும் கார்மென் டயானா டீரே, செரில் டாஸ் ஆகியோரும் சேர்ந்து நடத்திய ஆய்வு, தம்பதியின் மொத்தச் செல்வத்தில் மனைவியின் பங்கு 9 சதவீதம் என்றது. அதே முறையில் அளந்தபோது கானாவில் 19, ஈக்வடாரில் 44. ஈக்வடார் பெண்கள் நம் பெண்களைவிடத் துணிச்சல்காரிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கே திருமணத்துக்குப் பிறகு சேரும் சொத்து இருவருக்கும் பொது என்று சட்டமே வைத்திருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியதில்லை. நம் நாட்டில் கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர வேறெங்கும் அப்படி இல்லை. இங்கே கேட்டால்தான் கிடைக்கும், கேட்பதற்கோ வாய் வேண்டும். 'தனியாகவோ சேர்ந்தோ' என்ற ஒரே வரிக்குள் பத்திரத்தில் பெயர் உள்ளவளும், மாமியார் கொல்லைப்புறத்தைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பவளும் ஒன்றாக அடங்கிவிடுகிறார்கள்.

இப்போது விலைக்கு வருவோம். சும்மா கேட்டால் 'ரெண்டு பேர்' என்பது இலவசம். அதற்காக எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால்தான் விருப்பத்தின் கனம் தெரியும். கென்யாவின் மேற்குப் பகுதியில் சைமோன் ஷேனர் செய்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். தம்பதிகளுக்குக் கணவன் கணக்கு, மனைவி கணக்கு, கூட்டுக் கணக்கு என மூன்று வகை சேமிப்புக் கணக்குகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் வட்டி விகிதத்தைக் குலுக்கல் முறையில் மாற்றினார். சேமிப்பில் பொறுமை ஒத்துப்போகாத தம்பதிகள் அதிக வட்டியைக்கூட விட்டுவிட்டுத் தனிக் கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள். வாயால் யாரும் 'எனக்குத் தனியாக வேண்டும்' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. இழந்த வட்டி சொல்லிவிட்டது. மாசிடோனியாவில் அல்மோஸும் மற்றவர்களும், அரசு உதவித் தொகை கணவனுக்குப் போகாமல் தன் கைக்கே வருவதற்காகப் பெண்கள் எவ்வளவு குறைத்துக்கொள்ளத் தயார் என்று அளந்தார்கள். தொகை ஏற்கெனவே பெண்கள் கைக்கே போய்க்கொண்டிருந்த ஊர்களில் அந்த விலை குறைவாக இருந்தது. கையில் அதிகாரம் உள்ளவள் அதற்காகப் பணம் கட்டத் தேவையில்லை அல்லவா?

நம் ஊரில் இந்த விலையை ரூபாயில் வைத்தால் சரிப்படாது. கூலியும் வட்டியும் வீட்டுக்கு வீடு வேறு. சென்ட் கணக்கில் வைக்கலாம். 2020 டிசம்பர் 25 அன்று ஆந்திர அரசு தொடங்கிய வீட்டுமனைத் திட்டத்தில் 30 லட்சத்துக்கும் மேலான பட்டாக்கள் பெண்கள் பேரில் தரப்பட்டன. கிராமத்தில் ஒன்றரை சென்ட், நகரத்தில் ஒரு சென்ட். ஆகவே வெதுருகுப்பத்திலோ பெனுமூரிலோ யாருக்கும் ஒன்றரை சென்ட் என்றால் எவ்வளவு என்று படம் போட்டுக் காட்ட வேண்டாம். இருவர் பேரில் ஒன்றரை சென்ட், உங்கள் பேரில் மட்டும் ஒன்றேகால் சென்ட், எது வேண்டும்? ஒரு சென்ட் என்றால்? முக்கால் என்றால்? எந்த இடத்தில் மனம் மாறுகிறதோ அங்கே ஒரு கோடு. அதே கேள்வியைக் கணவனிடமும் கேட்டு, கோடு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். இது கற்பனைப் பேரம்தானே, உண்மையில் எவரும் கால் சென்ட்டை இழக்கப் போவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் நிஜப் பேரம் நடந்த இடமும் உண்டு. தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரத்தில் மனைக்குப் பட்டா வாங்கும் கட்டணத்தில் தள்ளுபடிச் சீட்டுக் கொடுத்தார்கள். சில சீட்டுகளில் மட்டும் பெண்ணின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை. அந்தச் சீட்டு கிடைத்த வீடுகளில் பெண்கள் பெயர் பெருமளவு ஏறியது. நிபந்தனைக்காகப் பட்டாவே வேண்டாம் என்று விலகியவர்களும் அதிகம் இல்லை. ஆண்களின் எதிர்ப்பு என்று நாம் பயந்துகொண்டிருப்பது பல இடங்களில் ஒரு சிறு தள்ளுபடிக்குக் கரைந்துவிடும் அளவே கெட்டியானது.

தனித்தனியே கேட்பதற்குத்தான் கடுமையான ஆட்சேபம் வருகிறது. நல்லா வாழ்ற குடும்பத்துல போய் ஆளுக்கொரு பக்கமா உட்கார வச்சு, உனக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவுன்னு கேட்டா சண்டை மூட்டிவிடுறதாகாதா? இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் சேர்த்துக் கேட்பதால் கிடைப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸில் நவா அஷ்ரஃப் செய்த சோதனையில், குடும்பச் சேமிப்பு மனைவி கையில் இருந்த வீடுகளின் ஆண்கள், தங்கள் முடிவு மனைவிக்குத் தெரியாது என்றபோது பணத்தைத் தங்கள் கணக்கில் போட்டுக்கொண்டார்கள். மனைவிக்குத் தெரியவரும் என்றபோது தங்கள் செலவுக்கே ஒதுக்கிக்கொண்டார்கள். இருவரும் பேசிவிட்டு முடிவெடுத்தபோது மனைவியின் கணக்கில் போட்டார்கள். ஆள் அதே, பணம் அதே. யார் பார்க்கிறார்கள் என்பது மட்டும் மாறியது. உகாண்டாவில் 2014-இல் உலக வங்கியும் ஐ.நா. அமைப்புகளும் சொத்துக் கேள்விகளை ஐந்து விதமாகக் கேட்டுப் பார்த்ததும் இதற்காகத்தான்: விவரம் தெரிந்த ஒருவரை மட்டும், தம்பதியைச் சேர்த்து, ஒவ்வொருவரையும் தனியாக என்றெல்லாம். யாரை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொத்துக் கணக்கே மாறிற்று. எனவே மனைவியிடம் பெண் ஆய்வாளரும் கணவனிடம் ஆண் ஆய்வாளரும் ஒரே நேரத்தில், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காத தூரத்தில் பேசுவது என்பதே இப்போதைய நல்ல நடைமுறை. சண்டை பயத்துக்கு என் பதில்: ஒருவர் சொன்னதை மற்றவரிடம் எந்த வடிவிலும் சொல்லக் கூடாது, "அவர் வேற மாதிரி சொன்னாரே" என்று சரிபார்க்கவும் கூடாது. தம்பதியின் பதில்கள் முரண்பட்டால் நடுவில் ஒரு எண்ணைப் போட்டு சமரசம் செய்வதும் தவறு. 'என்னுடையது' என்று அவனும் 'எங்களுடையது' என்று அவளும் சொன்னால் அந்த முரண்பாடே அளக்கப்பட்ட பொருள். அதை அழிப்பவர் தரவை அழிக்கிறார். நடைமுறையில் இதைவிடக் கஷ்டமானது மாமியாரை அந்தப் பக்கமாகக் கூப்பிட்டுப் போவது; அதற்கு இன்னும் யாரும் முறை வகுக்கவில்லை.

இன்னொரு ஆட்சேபம் பண்பாட்டின் பேரில் வருகிறது. தனிச் சொத்து என்பது மேல்நாட்டு யோசனை, நம் பக்கத்துப் பெண்கள் அப்படி நினைப்பதில்லை என்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் மஞ்சக்காணியை மறந்துவிட்டார்கள். மகளுக்குக் கல்யாணத்தின்போது கொஞ்சம் நிலம் எழுதிவைப்பதுதான் அது; ஆந்திரத்தில் பசுபு குங்குமம் என்பார்கள். அந்த நிலத்தைக் கணவனோடு சேர்த்து எழுதலாமா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டு மனைக்கு 'ரெண்டு பேர்' என்ற அதே பெண்ணின் குரல் மாறும். பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்பதால் அவளுக்கு மட்டுமல்ல, அவள் அண்ணன் தம்பிகளுக்கும் அதில் ஒரு கண் இருக்கிறது. இந்தப் பகுதியின் சட்ட வரலாறும் இதில் கலந்திருக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு ஆந்திரத்தில் 1985 செப்டம்பர் 5 முதல், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், நாடு முழுவதற்கும் 2005 செப்டம்பர் 9 முதல். முதல் இரண்டிலும் அந்தத் தேதிக்கு முன்பே மணமானவர்களுக்கு இடமில்லை. ஆந்திரத்துப் பாலசமுத்திரத்துக்கும் தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டுக்கும் நடுவே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களில், 1987-இல் கல்யாணம் ஆனவர்களில், எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தவளுக்கு இருந்த உரிமை அந்தப் பக்கம் பிறந்தவளுக்கு இல்லை. ஆகவே 'சொத்து எப்படி வந்தது' என்ற கேள்வியை 'யார் பேரில் வேண்டும்' என்பதற்கு முன்னால் வைக்க வேண்டும், பின்னால் அல்ல.

சேர்ந்த சொத்தே தமிழருக்கு இயல்பு என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் சான்று உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டச்சுக்காரர் காலத்தில், 1707-இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், மணவாழ்வில் சேர்ந்ததைத் தேடியதேட்டம் என்று தனியே வகைப்படுத்தி இருவருக்கும் பொதுவாக்கியது. ஆனால் அதே வழமையின் கீழ் மனைவி தன் சொந்த நிலத்தை விற்கவும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. பெயரில் சேர்ந்திருப்பதும் கையில் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஐ.நா.வின் 2019 வழிகாட்டி சொல்லும் நால்வகைப் பிரிப்பும் இதையே செய்கிறது: நானே சொந்தக்காரர் என்று சொல்வது, பத்திரத்தில் பெயர் இருப்பது, விற்கும் உரிமை, அடுத்தவருக்கு எழுதிவைக்கும் உரிமை. நம் ஊரில் இதிலும் ஒரு முடிச்சு. அரசு ஒதுக்கிக் கொடுத்த டி.கே.டி. பட்டா நிலத்தை விற்க 1977 சட்டம் தடை போட்டிருந்தது. அந்த நிலத்தை வைத்திருக்கும் வீட்டில் 'விற்கும் உரிமை யாருக்கு?' என்றால் இருவருமே இல்லை என்பார்கள். ஆய்வு முடிவில் அவர்கள் உடைமையற்றவர்கள் ஆகிவிடுவார்கள். அங்கே கேட்க வேண்டியது பாஸ்புக் யார் பேரில், பயிர்க் கடன் யார் பேரில், அடுத்து யார் பேருக்கு மாறும் என்பதை. கடன் என்றதும் ஒன்று: டுவாக்ரா மகளிர் குழுவில் வாங்கும் கடன் பெண் பேரில் இருக்கிறது, அதில் வாங்கிய பொருள் பெரும்பாலும் ஆண் பேரில் போகிறது. சொத்து விருப்பத்தை அளப்பவர்கள் கடன் விருப்பத்தை அளக்காமல் விடுவதற்கு எனக்கு இதுவரை ஒரு நியாயமும் தோன்றவில்லை.

மிகவும் யோசிக்க வைக்கும் ஆட்சேபம் கடைசியில் வருகிறது. தனியே கேட்டும், விலை வைத்தும், விளக்கிச் சொல்லியும், "அவர் பேர்லயே இருக்கட்டும்" என்று சொல்லும் பெண்ணை என்ன செய்வது? ஒடுங்கிப் பழகியவளின் விருப்பம் விருப்பமே அல்ல என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். அவளே சொன்ன பிறகு நாம் யார் என்று சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டுமே சோம்பல். அவளுடைய பதிலுக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பணிவு அல்ல, கணக்கு. எம்.ஆர்.ஓ. (மண்டல வருவாய்) ஆபீசுக்கும் வங்கிக்கும் அலைய வேண்டும், அலைச்சல் அவரோடு போகட்டும். தன் பேரில் வந்தால் தன் அண்ணனிடம் பங்கு கேட்கச் சொல்லி அடுத்த தொல்லை வரும். பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அதே வீட்டில் இருக்க வேண்டும். பாண்டாவும் அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வில், சொத்தே இல்லாத மனைவியரில் 49 சதவீதம் பேர் அடி வாங்கியிருந்தார்கள், நிலமும் வீடும் உள்ளவர்களில் 7 சதவீதம். இதைக் காட்டிப் பெயர் ஏறினால் பாதுகாப்பு என்று பலர் முடிக்கிறார்கள். ஆனால் வாரிசுரிமைச் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து தற்கொலை விகிதம் கூடியதாக ஆண்டர்சனும் ஜெனிக்கோவும், பெண் கருவை விலக்குவது கூடியதாக பலோத்ரா, புரூலே, ராய் ஆகியோரும் எழுதியிருக்கிறார்கள். இருக்கும் சொத்து காக்கிறது. கேட்கும் சொத்து சில வீடுகளில் பகையைக் கொண்டுவருகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று ஒருத்தி "அவர் பேர்லயே இருக்கட்டும்" என்றால், அவள் கேட்பதன் விலையை எண்ணிப் பார்த்திருக்கிறாள். அவளிடம் அடுத்துக் கேட்க வேண்டியது: நீங்கள் கேட்காமலே, அரசாங்கமே எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தால் எப்படி எழுத வேண்டும்? கேட்பதற்கான விலையை எடுத்துவிட்ட பிறகு பதில் மாறினால், முதல் பதிலில் எவ்வளவு பயம், எவ்வளவு விருப்பம் என்று பிரித்துவிடலாம். மாறாவிட்டால் அதை அவளுடைய விருப்பமாகவே எழுதிக்கொள்ள வேண்டும், ஆய்வாளருக்குப் பிடிக்காவிட்டாலும்.

இத்தனைக்கும் நேரம் எங்கே என்று பெரிய ஆய்வுகளை நடத்துபவர்கள் கேட்பார்கள். ஒரு வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் பதில்கள் தளர்ந்துவிடும் என்பதும் சரி. ஊர் முழுவதும் சென்ட் பேரம் நடத்த வேண்டாம், அதைச் சிறு மாதிரியில் வைத்துக்கொள்ளலாம். பெரிய படிவத்தில், ஒவ்வொரு சொத்துக்கும் நேராக, மனைவியிடம் தனியே இரண்டு கேள்விகள் கூடினால் போதும்: உங்கள் கையெழுத்து இல்லாமல் இதை விற்க முடியுமா? அவருக்கு ஏதாவது ஆனால் இது யாருக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்? கணவனிடமும் அதே இரண்டு.